வார வாசிப்பு: வேலையைக் கருவி செய்தால் கை எப்போது பழகும்?

தாழ்வாரம்

இந்த வாரம் வாசித்தவை மூன்று. மூன்றும் ஒரே கேள்வியை வேறு வேறு பக்கமிருந்து தொடுவதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது பழையது. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் 'ஆட்டோமேட்டிகா' ஆய்விதழில் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை. ஆலைகளிலும் விமானங்களிலும் தானியங்கிக் கட்டுப்பாடு பரவிக்கொண்டிருந்த காலம் அது. வடிவமைப்பாளர் தன்னால் முடிந்ததையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, முடியாததை மனிதனிடம் விட்டுவிடுகிறார் என்கிறார் அவர். முடியாதது என்றால் சிக்கலானது, எதிர்பாராதது, எப்போதோ ஒருமுறை வருவது. தினமும் செய்து கை பழக உதவிய சுலபமான பகுதி போய்விடுகிறது. கை பழகியவரால் மட்டுமே செய்ய முடிகிற பகுதி அப்படியே நிற்கிறது. அவர் சொல்லும் இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. அன்றைய தானியங்கி ஆலைகளைக் கண்காணித்தவர்கள் முன்பு கையால் ஓட்டியவர்கள். அந்தப் பழைய திறமையின் மேல்தான் எல்லாம் ஓடியது. அடுத்த தலைமுறைக்கு அந்தத் திறமை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்கிறார். 1983இல் எழுதியது இது!

இரண்டாவது, துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடத்தில் நடந்த சோதனை. ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள். ஒரு பிரிவுக்கு சாட்ஜிபிடி போன்ற கருவியை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே கருவியை விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியின்போது, மூன்றாவது பிரிவைவிட முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாவது பிரிவு 127 சதவீதமும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். கருவியை அப்படியே பயன்படுத்திய பிரிவு, கருவியே பார்க்காத பிரிவைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் பெற்ற பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

மூன்றாவது, ஏஐ மாதிரிகளை மதிப்பிடும் மெட்டர் என்ற அமைப்பு 2025இல் வெளியிட்ட ஆய்வு. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தாங்கள் பல வருடங்களாகப் பராமரிக்கும் திறமூல (நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்த) திட்டங்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். எந்த வேலைக்கு ஏஐ உண்டு, எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஏஐ இருந்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. தொடங்கும் முன் அவர்கள் எதிர்பார்த்தது 24 சதவீத மிச்சம். எல்லாம் முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் அந்த 19ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை உலுக்கியது நினைப்புக்கும் நடந்ததற்கும் இடையில் இருந்த தூரம்.

துருக்கி மாணவர்களிடமும் அதேதான் நடந்தது. தங்களுக்கு ஏதும் குறைந்துபோனதாக அவர்கள் உணரவே இல்லை. சுலபமாக ஓடுகிற வேலை நன்றாகக் கற்ற வேலை போலத் தோன்றுகிறது. நம் உள்ளுணர்வு இந்த ஒரு விஷயத்தில் நம்பத்தக்கதாக இல்லை என்பதே இந்த வாரம் எனக்குக் கிடைத்தது.

அதனால் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்: எந்தத் திறமை நமக்கு வேண்டுமோ, அந்த வேலையில் முதல் முயற்சி நம்முடையதாக இருக்க வேண்டும். கருவி இரண்டாவதாக வரட்டும். உங்கள் தொழிலில் இது எப்படி இருக்கிறது? மாறுபட்டால் தயங்காமல் எழுதுங்கள்.

இரவுப்பணி

தாழ்வாரம், நான் மாறுபடுகிறேன்.

வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன், அரட்டைப் பெட்டியில் பதில் எழுதும் வேலை. நீங்கள் சொன்ன மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேருங்கள். எரிக் பிரைன்யால்ஃப்சன், டேனியல் லி, லின்ட்சி ரேமண்ட் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வறிக்கை. ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சேவைப் பிரிவில் 5,179 பேர். வாடிக்கையாளர் எழுதுவதைப் பார்த்து ஏஐ ஒரு பதிலைப் பரிந்துரைக்கும். ஏற்பதும் தள்ளுவதும் ஊழியர் விருப்பம். ஒரு மணி நேரத்தில் தீர்த்த பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கு 34 சதவீதம். கருவியோடு இரண்டு மாதம் வேலை பார்த்தவர், கருவியில்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவருக்குச் சமமாக வந்துவிட்டார்.

முக்கியமானது இதற்கு அப்புறம்தான். சில நேரம் அந்தக் கருவி பழுதாகி நின்றுவிடும் அல்லவா? அப்போதும், அதோடு பழகியிருந்தவர்கள் பழைய நிலைக்கு இறங்கிவிடவில்லை. பரிந்துரைகளைக் கவனமாகப் பின்பற்றியவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் கற்றிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

எங்கள் வேலையில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கோபமாக ஒருவர் வருவார்: 'மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், பணம் திரும்ப வரவில்லை.' புதிதாகச் சேர்ந்தவர் உடனே 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று தொடங்குவார். அதை அந்த வாடிக்கையாளர் ஏற்கெனவே இரண்டு தடவை படித்திருக்கிறார். அனுபவசாலி அந்த வரியைத் தொடவே மாட்டார். முந்தைய இரண்டு புகாரின் தேதியையும், ஒவ்வொன்றிலும் என்ன சொல்லப்பட்டது என்பதையும் முதல் வரியிலேயே எழுதுவார். 'இவர் என் கதையைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்' என்று எதிராளிக்குத் தெரிந்த மாத்திரத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும். இதைப் பயிற்சி வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பரிந்துரைப் பெட்டியில் அப்படிப்பட்ட பதில்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் பிடிபட்டது. நல்ல ஊழியர்களின் உரையாடல்களிலிருந்து கருவி எடுத்ததை நான் கருவியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். முதல் முயற்சி என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

கணக்கு வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. இரவுப்பணி அவர்களே, உங்கள் முன்னால் ஒரு பரிந்துரை வருகிறது. அது இந்த ஆளுக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு தடவையும் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். எதிரே இருப்பவர் தணிந்தாரா, கொதித்தாரா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. துருக்கி மாணவனிடம் இந்த இரண்டுமே இல்லை. விடையைப் பார்த்தான், எழுதினான், அடுத்த கணக்குக்குப் போய்விட்டான்.

வகுப்பறையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். கரும்பலகையில் ஒரு இருபடிச் சமன்பாட்டைப் போட்டுக் காட்டினால் நாற்பது தலைகளும் ஆடும். 'புரிந்ததா?' 'புரிந்தது சார்.' பலகையை அழித்துவிட்டு அதே கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேர் இரண்டாவது வரியில் நிற்பார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று குனிந்து பார்த்தால், பெரும்பாலும் கழித்தல் குறியை அடைப்புக்குள் கொண்டுபோகும் இடம். நான் போடும்போது அந்த இடத்தை அவர்கள் கண்ணால் தாண்டியிருக்கிறார்கள். கையால் தாண்டவில்லை.

இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் செய்த சோதனை. ஒரு பத்தியை ஒரு பிரிவு நான்கு தடவை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம். தாழ்வாரம் சொன்ன அந்த ஏமாற்றும் உணர்வு இங்கேயும் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டதற்கு, நான்கு தடவை படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள்.

வார வாசிப்பு என்று இங்கே எழுதுகிற எல்லாருக்கும் என் ஒரே வேண்டுகோள் இதுதான்: கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பு எழுதாதீர்கள். மூடிவிட்டு எழுதுங்கள். விட்டுப்போனதை அப்புறம் திறந்து பாருங்கள். எது விட்டுப்போனதோ அதுதான் நீங்கள் படிக்காதது. அடிக்கோடு போடுவதும், சேமித்து வைப்பதும், ஏஐயிடம் சுருக்கம் கேட்பதும் நம் கண் முன்னால் வார்த்தைகளை வைத்திருக்கின்றன. தலைக்குள் தேடும் வேலை அங்கே நடப்பதே இல்லை. அந்தத் தேடல்தான் பாடம்.

நிரல்பித்தன்

வாத்தியார் ஐயா, வாசிப்புக்கு இது சரி. அலுவலகத்தில் எப்படி?

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே ஏஐ உதவியாளர் இருந்தது. அது இல்லாத நிரல் எழுதும் காலத்தை நான் பார்த்ததில்லை. காலைக் கூட்டத்தில் 'முடிந்ததா' என்பதுதான் கேள்வி. 'உனக்குப் புரிந்ததா' என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கருவியிடம் கேட்டு மதியத்துக்குள் முடித்துவிடுகிறார். நான் உட்கார்ந்து யோசித்தால் மாலையாகிவிடும். மதிப்பீட்டில் இது என் பெயருக்குப் பக்கத்தில் வரும். யோசித்ததற்கு மதிப்பெண் கிடையாது.

சுயமுன்னேற்றம் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இதைத் தனி மனிதனின் ஒழுக்கமாக மாற்றிவிடுகிறார்கள். 'நீ முயன்று பார், நீ காலையில் எழுந்து படி.' என் நேரத்தை முடிவு செய்பவன் நான் இல்லையே. தாழ்வாரம் அண்ணா, முதல் முயற்சி நம்முடையதாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கான அரை நாளை யார் கொடுப்பார்கள்?

தாழ்வாரம்

நிரல்பித்தன், நேரப் பிரச்சினை உண்மை. அதை ஒழுக்கப் பிரச்சினையாக மாற்றுவது அநியாயம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் முயற்சி என்றால் முழு வேலையையும் கையால் செய்வது என்று நான் சொல்லவில்லை. சில நிமிட வேலைதான் அது. ஒரு உதாரணம் காட்டுகிறேன்.

மாதாந்திர விற்பனை அறிக்கை. மாதக் கடைசி நாளின் சில பதிவுகள் அடுத்த மாதக் கணக்கில் விழுகின்றன என்று புகார். எல்லா நாளும் இல்லை, எல்லாப் பதிவும் இல்லை. கருவியிடம் புகாரையும் நிரலையும் கொடுத்தால், தேதியை ஒப்பிடும் வரியில் சில மணி நேரத்தைக் கூட்டவோ கழிக்கவோ செய்து ஒரு திருத்தம் தரும். சோதனை ஓடும், புகார் மூடப்படும். சில மாதம் கழித்து வேறொரு அறிக்கையில் அதே நோய் திரும்ப வரும்.

இப்போது கருவியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'கோளாறு இங்கே இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால்...' அந்த 'ஏனென்றால்' வந்ததும் கை நின்றுவிடும். ஏன் கடைசி நாள் மட்டும்? ஏன் சில பதிவுகள் மட்டும்? அந்தப் பதிவுகளின் நேரத்தை வரிசைப்படுத்திப் பார்ப்பீர்கள். எல்லாம் ஒரு குறிப்பிட்ட மணிக்கு அப்புறம் வந்தவை. அப்படியானால் நேர மண்டலம். தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, அறிக்கை உள்ளூர் நேரத்தில் நாளைப் பிரிக்கிறது, நடுவில் எங்கோ ஒரு இடத்தில் மாற்றம் விட்டுப்போயிருக்கிறது. இது தெரிந்த பிறகு கருவியிடம் போங்கள். 'இந்த நிரலில் நேர மண்டலத்தை மாற்றாமல் தேதியாகச் சுருக்கும் இடங்கள் எல்லாவற்றையும் காட்டு' என்று கேட்பீர்கள். அது நொடியில் கொண்டுவந்து போடும். அந்த வேலையில் அது உங்களையும் என்னையும்விடக் கெட்டி.

ஊகம் தப்பாக இருந்தாலும் நஷ்டமில்லை. தப்பான ஊகத்தோடு போய்ச் சரியான விடையைப் பார்க்கும்போது அது மனதில் ஒட்டுகிறது. எந்த ஊகமும் இல்லாமல் பார்த்தால் 'ஓ, அப்படியா' என்று தாண்டிப் போய்விடுவோம். வாத்தியார் சொன்னபடி, இரவுப்பணி பரிந்துரையை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுப்பதும் இதே வகைதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. அங்கே அவருடைய முயற்சி தீர்ப்புச் சொல்வது. ஆகவே 'முதல் முயற்சி' என்று நான் சொன்னதைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்கிறேன். விடை கைக்கு வரும்போது நமக்கென்று ஒரு கணிப்பு இருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

எல்லா வேலைக்கும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, சோதனைத் தரவு உருவாக்குவது, மறந்துபோன ஒரு கட்டளையின் எழுத்துமுறை, இதிலெல்லாம் எனக்குக் கற்க ஆசையில்லை. அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

மழைக்குருவி

மருத்துவத் துறையிலிருந்து ஒரு தகவல். போலந்தில் நான்கு மையங்களில் நடந்த ஆய்வு, 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் (கொலனோஸ்கோபி) கட்டி முளைகளை அடையாளம் காட்டும் ஏஐ கருவியை அந்த மையங்களில் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்தது கருவி இல்லாமல் செய்த பரிசோதனைகளை மட்டும். கருவி வருவதற்கு முன் அப்படிப்பட்ட பரிசோதனைகளில் 28.4 சதவீதத்தில் முளை கண்டுபிடிக்கப்பட்டது. கருவி வந்த பிறகு, அது இல்லாமல் செய்தபோது 22.4 சதவீதம். இடைவெளி சில மாதங்கள்தான். செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, ஆயிரக்கணக்கில் பரிசோதனை செய்த அனுபவசாலிகள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது குலுக்கல் முறையில் செய்த சோதனை இல்லை, முன்னும் பின்னும் ஒப்பிட்டது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். கருவி இருக்கும்போது முளைகள் அதிகம் கண்டுபிடிக்கப்படுகின்றன என்பதற்கும் வேறு சோதனைகளில் நல்ல ஆதாரம் உண்டு. நோயாளியாக நான் படுத்திருந்தால் கருவியோடுதான் செய்யச் சொல்வேன்.

எனக்கு இதில் கவலை தருவது வேறு. தாழ்வாரம் எழுதியதில் பெயின்பிரிட்ஜ் அடுத்த தலைமுறையைப் பற்றிச் சொன்னார் அல்லவா? இங்கே இதே தலைமுறையில், சில மாதத்தில் கண் பழக்கம் தளர்ந்திருக்கலாம் என்று தெரிகிறது. திரையில் பச்சைக் கட்டம் காட்டும் என்று தெரிந்தால் கண் தானாகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். யாரும் சோம்பேறியாக வேண்டும் என்று முடிவெடுப்பதில்லை. முன்கூட்டியே ஊகத்தை எழுதி வைத்துக்கொள்ளும் முறை ஓடும் படத்தைப் பார்க்கும் வேலைக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சில நாட்கள் கருவியை அணைத்துவிட்டுச் செய்வது என்றால், அந்த நாளில் வரும் நோயாளிக்கு அது நியாயமா? பதிவு செய்த பழைய படங்களில் கருவியை அணைத்துப் பயிற்சி எடுக்கலாம், பிறகு கருவி சொன்னதோடு ஒப்பிடலாம். அது முடியும் என்று தோன்றுகிறது. அதற்கும் நிரல்பித்தன் கேட்ட அதே அரை நாள் வேண்டும்.

கடைசி பெஞ்ச்

எல்லாரும் கவலையாகவே எழுதுகிறீர்கள். 1972இல் ஹியூலெட் பேக்கார்ட் கையடக்க அறிவியல் கணிப்பானைக் கொண்டுவந்ததும் சில வருடங்களில், பொறியாளர்கள் பெருக்கவும் வகுக்கவும் பயன்படுத்திய சறுக்குக் கோல் (ஸ்லைடு ரூல்) ஒழிந்தது. மடக்கை அட்டவணை பார்க்கத் தெரியாத பொறியாளர்கள் கட்டிய பாலங்கள் நிற்கின்றன. சில திறமைகள் போகத்தான் வேண்டும். போகிற ஒவ்வொன்றையும் இழப்பாகக் கணக்கு வைத்தால் எதையும் தொட முடியாது. எது போகலாம், எது போகக் கூடாது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அதற்குப் பதில் இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

கணக்கு வாத்தியார்

கடைசி பெஞ்ச், நல்ல கேள்வி. நான் பிரிப்பது இப்படி: கருவி தப்பு செய்தால் எனக்குத் தெரியுமா?

கணிப்பானில் மாணவன் தசமப் புள்ளியை மாற்றி அழுத்திவிட்டால், அறையின் பரப்பு 12 சதுர மீட்டர் என்பதற்குப் பதில் 1,200 என்று வரும். 'இது அறையா, மைதானமா?' என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். அந்தத் தோராய உணர்வு இருக்கும்வரை பெருக்கல் வேலையைக் கணிப்பான் செய்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சறுக்குக் கோல் போனபோது ஒரு நுணுக்கமும் போனது. அது இலக்கங்களை மட்டும் காட்டும். தசமப் புள்ளி எங்கே வரும் என்பதை ஆள்தான் மனதில் கணக்குப் போட வேண்டும். அதனால் தோராயம் கட்டாயமாகப் பழகியது. கோல் போகட்டும். அந்தப் பழக்கத்தை வகுப்பில் வேறு வழியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, நான் விடைக்கு முன் தோராயம் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம், கணிப்பான் ஒரே கேள்விக்கு ஒரே விடை தரும். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் அப்படி இல்லை. தப்பையும் சரியையும் ஒரே தன்னம்பிக்கையோடு, அழகான வாக்கியத்தில் சொல்லும். ஆகவே இங்கே தப்பைக் கண்டுபிடிக்கும் திறன் கணிப்பான் காலத்தைவிட அதிகம் தேவை.

மின்னோடி

தாமதமாக வருகிறேன். பேச்சு முழுவதும் தனி ஆளைச் சுற்றியே போகிறது. நிரல்பித்தன் கேட்டதற்கு வேலை அமைப்பின் பக்கமிருந்து பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் மின்சாரத்தையும் கணினியையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் 1882இல் வந்துவிட்டது. ஆனால் அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித் திறனில் மின்சாரத்தின் பலன் பெரிதாகத் தெரிந்தது 1920களில்தான். நடுவில் ஏறத்தாழ நாற்பது வருடம்! மின்சாரத்தில் குறை எதுவும் இல்லை. நீராவி ஆலையில் ஒரே ஒரு பெரிய எந்திரம் இருக்கும். அது கூரையடியில் ஓடும் நீண்ட தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு கருவியையும் ஓட்டும். தண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஆலைகளை மாடி மாடியாகக் கட்டினார்கள். மின்சாரம் வந்ததும் முதலாளிகள் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின்னோடியை (மோட்டாரை) வைத்தார்கள். தண்டு அப்படியே, பட்டை அப்படியே, மாடி அப்படியே. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மின்னோடி வைத்து, வேலை போகும் வரிசைப்படி கருவிகளை நிறுத்தி, ஒற்றை மாடியில் புது ஆலை கட்டிய பிறகுதான் பலன் வந்தது.

நம் அலுவலகங்கள் இப்போது பழைய எந்திரம் இருந்த இடத்தில் மின்னோடியை வைத்திருக்கின்றன. அதே காலைக் கூட்டம், அதே 'முடிந்ததா', அதே மதிப்பீடு; நடுவில் ஏஐ. இளையவர் எளிய வேலைகளைச் செய்து செய்து கற்பார் என்பது பழைய ஏற்பாடு. யாரும் அதைப் பயிற்சி என்று பெயரிட்டுச் செய்யவில்லை. வேலை நடக்கும்போது தானாக நடந்தது. எளிய வேலை கருவிக்குப் போனதும் அந்தப் பயிற்சி யாரும் கவனிக்காமல் நின்றுபோகிறது. அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை.

விமானத் துறை இதில் முன்னோடி. 2009இல் அட்லாண்டிக் மேல் ஏர் பிரான்ஸ் 447 விழுந்தபோது 228 பேர் இறந்தார்கள். வேகமானிக் குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது, தானியங்கி தன்னை விடுவித்துக்கொண்டது, விமானிகள் கையில் விமானம் திடீரென்று வந்தது. அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமும், தகுந்த நேரங்களில் கையால் ஓட்ட விமானிகளை ஊக்குவிக்கும்படி நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. கவனியுங்கள், அறிவிப்பு போனது நிறுவனங்களுக்கு. 'ஓய்வு நேரத்தில் பழகிக்கொள்' என்று விமானியிடம் சொல்லிவிட்டு விடவில்லை.

இரவுப்பணி

மின்னோடி சொன்னது எங்கள் தளத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நான் மேலே சொன்ன ஆய்வில், மிகத் திறமையான பழையவர்களுக்குக் கருவியால் பலன் அதிகம் இல்லை. ஆனால் கருவி கற்றதே அவர்கள் எழுதிய பதில்களிலிருந்து. எல்லாரும் பரிந்துரையையே அனுப்பத் தொடங்கினால், புதிய வகைப் பிரச்சினை வரும்போது நல்ல பதிலை முதலில் எழுதப்போவது யார்? எங்கள் குழுத் தலைவரிடம் இதைக் கேட்கப் போகிறேன். கருவி பரிந்துரை தராத உரையாடல்களை வாரம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து பார்க்கலாம் என்பது என் யோசனை. அப்படிப்பட்டவை தனியாகப் பட்டியலாகவே வருகின்றன, தேட வேண்டியதில்லை.

தாழ்வாரம், நான் மாறுபட்டது இன்னும் மாறவில்லை. நல்ல மாதிரிகளைப் பார்த்துக் கற்பது கற்பதுதான். ஆனால் தீர்ப்புச் சொல்லும் இடம் எடுக்கப்பட்டால் அது நின்றுவிடும் என்பதை ஏற்கிறேன். சில இடங்களில் பதிலைக் கருவியே நேரடியாக அனுப்பத் தொடங்கிவிட்டது, ஊழியர் பார்வையாளர் மட்டும். அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வது வேறு கதை.

தாழ்வாரம்

பார்வையாளர் வேலை பற்றிப் பெயின்பிரிட்ஜ் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார், சாரத்தைச் சொல்கிறேன்: அதிகம் எதுவும் நடக்காத ஒன்றை அரை மணி நேரத்துக்கு மேல் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, எவ்வளவு அக்கறை உள்ள ஆளாலும் முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரேடார் பணியாளர்களை முன்னிட்டு நார்மன் மேக்வொர்த் செய்த சோதனைகளில் தெரியவந்தது அது. ஆகவே 'ஏஐ செய்யட்டும், மனிதர் சரிபார்ப்பார்' என்று எழுதி வைக்கும் இடங்களில் எல்லாம், சரிபார்ப்பவர் எவ்வளவு நேரம், எத்தனை, எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். மழைக்குருவிக்கும் உங்களுக்கும் ஒரே கேள்வி.

நிரல்பித்தன், ஒரு நடைமுறை யோசனை. மாற்றத்தைச் சரிபார்ப்புக்கு அனுப்பும்போது விளக்கப் பெட்டி ஒன்று இருக்கும் அல்லவா, பெரும்பாலும் காலியாகவோ கருவி எழுதியதாகவோ போகும் பெட்டி? அதில் 'காரணம் என்று முதலில் நினைத்தது', 'கடைசியில் தெரிந்தது' என்று இரண்டு வரி வைக்கும்படி உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள். மூத்தவர்களும் எழுத வேண்டும், இளையவர்களுக்கு மட்டும் என்றால் அது தேர்வு போல ஆகிவிடும். அரை நாள் கேட்டால் மறுப்பார்கள். இரண்டு வரிக்கு மறுப்பது கஷ்டம்.

நிரல்பித்தன்

கேட்டேன். மூத்தவர் ஒருவர் உடனே சரி என்றார். தனக்கும் சரிபார்க்கும்போது எதைப் பார்ப்பது என்று தெரிவதில்லை, நூற்றுக்கணக்கான வரிகள் மொத்தமாக வந்து விழுகின்றன என்றார். மேலாளர், பிரச்சினை திருத்தும் வேலைகளுக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம், புது அம்சங்களுக்கு வேண்டாம் என்றிருக்கிறார். மதிப்பீட்டில் எதுவும் மாறவில்லை, அதைப் பற்றிப் பேச இன்னும் இடம் கிடைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் முதல் வரியையும் கருவியிடமே கேட்டு எழுதுகிறார். அதை எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தடுக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. வாத்தியார் ஐயா, உங்கள் வகுப்பில் தோராயத்தை விடைக்குப் பிறகு எழுதிவிட்டு முன்னால் எழுதியதாகக் காட்டுகிற பையனை என்ன செய்கிறீர்கள்?

கணக்கு வாத்தியார்

அவன் தோராயம் எப்போதும் துல்லியமாக இருக்கும், அதிலேயே தெரிந்துவிடும். திட்டுவதில்லை. தோராயம் தப்பாகப் போனவர்களைப் பலகைக்குக் கூப்பிட்டு, ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்கிறேன், வகுப்பு முழுக்க அதைப் பேசுகிறோம். தப்பான தோராயத்துக்கு மதிப்பெண் வெட்டுவதில்லை என்று உறுதியானதும் பாதிப் பேர் உண்மையாக எழுதத் தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு இன்னும் நாளாகும். உங்கள் மூத்தவரை முதலில் ஒரு தப்பான ஊகத்தை எல்லாரும் பார்க்கும்படி எழுதச் சொல்லுங்கள்.